'ஏன் இங்கே வந்தீர்கள்?' கேள்வியையே திருப்பிப் போட்ட சிவானந்தன்

லிங்கி பக்கத்துத் தோட்டங்களில் தாத்தா பாட்டி பால் மரம் வெட்டிய குடும்பமா உங்களுடையது? அப்படியென்றால் "உங்க ஆளுங்க ஏன் இங்க வந்தாங்க?" என்ற கேள்வி உங்களுக்குப் புதிதாக இருக்காது. லண்டனில் இதே கேள்வியைச் சந்தித்த ஒரு தமிழர், அதையே தன் அரசியல் சிந்தனையின் மையமாக்கினார். பெயர் அம்பலவாணர் சிவானந்தன். பிரிட்டன் இடதுசாரிகளிடையே பெரிய பெயர். நம்ம பக்கம்தான் அதிகம் தெரியாது.

1923-இல் கொழும்பில் பிறந்தார். குடும்பத்தின் வேர் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய். பொருளாதாரம் படித்து, மலையகத்தில் ஆசிரியராக இருந்து, பிறகு வங்கி மேலாளர் ஆனார். 1958-இல் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்ததும் நாட்டை விட்டுக் கிளம்பினார். லண்டனில் இறங்கினால் அங்கே நாட்டிங் ஹில்லில் கறுப்பினத்தவர் மீது வெள்ளை இளைஞர்கள் தாக்குதல்! ஒரே வருடத்தில் இரண்டு ஊர், இரண்டு கலவரம். வங்கி அனுபவத்தை லண்டனில் யாரும் மதிக்கவில்லை. நூலகத்தில் அடிமட்ட வேலையில் சேர்ந்து, படித்து நூலகர் ஆனார்.

1964-இல் இன உறவுகள் ஆய்வு நிறுவனத்தில் தலைமை நூலகர். குடியேறிகளை ஒரு 'பிரச்சினை'யாக வைத்து ஆராய்ந்த இடம் அது. பிரச்சினை குடியேறிகளா, இனவெறியா என்று ஊழியர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். 1972-இல் உறுப்பினர்கள் வாக்களித்து நிர்வாகத்தைத் தோற்கடித்தார்கள். நூலகர் இயக்குநர் ஆனார். நிதி போனது, வசதியான கட்டடமும் போனது. 1974 முதல் அவர்களுடைய ஆய்விதழின் பெயர் 'ரேஸ் அண்ட் கிளாஸ்', அதாவது இனமும் வர்க்கமும்.

அந்த இரண்டு சொல்லும் ஏன் சேர்ந்து வருகின்றன? 1976-இல் அவர் எழுதிய கட்டுரையில் பதில் இருக்கிறது. ஒரு தொழிலாளியை வளர்த்து ஆளாக்க என்ன செலவாகும்? சோறு, மருந்து, பள்ளிக்கூடம் என்று பதினெட்டு வருடக் கணக்கு. அந்தச் செலவு முழுவதும் காலனி நாட்டுக் குடும்பங்களின் தலையில். பிரிட்டனுக்குக் கிடைத்ததோ வளர்ந்து தயாராக நிற்கும் ஆள். ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது. தேவை குறைந்ததும் 1962, 1971 சட்டங்கள் கதவைச் சாத்தின. நாங்கள் இங்கே இருப்பதற்குக் காரணமே நீங்கள் அங்கே வந்ததுதான் என்பது அவருடைய பிரபலமான வாதம்.

இதை லிங்கிக்குப் பொருத்திப் பாருங்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டினார். பிள்ளையை வளர்த்தது தமிழ்நாட்டுக் கிராமம், பால் வெட்டியது இங்கே, லாபம் போனது லண்டனுக்கு. லிங்கி பெயரிலேயே அங்கே ஒரு ரப்பர் கம்பெனி இருந்ததே! 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். சிவானந்தன் மலாயாவைப் பற்றி எழுதவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கணக்கு அப்படியே பொருந்துகிறது.

பிரிட்டனில் ஆசியர், ஆப்பிரிக்கர், கரீபியர் எல்லோரும் 'கறுப்பர்' என்ற ஒரே அரசியல் பெயரில் சேர வேண்டும் என்றார். தோல் நிறமல்ல, போராட்டத்தின் நிறம் என்பது அவர் விளக்கம். ஆசியர் பலருக்கு இது ஒட்டவில்லை. அவர்கள் தயக்கத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பொதுப் பெயருக்குள் சொந்த அடையாளம் கரைந்துவிடும் என்ற பயம் சின்ன விஷயமா என்ன?

பிற்காலத்தில் அவர் பார்வை இன்னும் நகர்ந்தது. இனவெறிக்கு இனி நிறம்கூடத் தேவையில்லை, ஏழையாகவும் அந்நியராகவும் இருந்தாலே போதும் என்றார். அகதிகளையும் கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளிகளையும் மனதில் வைத்துச் சொன்னது. இன்று நம் செம்பனைத் தோட்டத்தில் பங்களாதேஷ், இந்தோனேசியத் தொழிலாளிகள் வேலை செய்கிறார்கள். அவர்களைப் பற்றி நம் வீட்டில், வாட்ஸ்அப் குழுவில் என்ன பேசுகிறோம்? பழைய கேள்வியை இப்போது கேட்பது யார்?

2018 ஜனவரியில், 94 வயதில் லண்டனில் காலமானார். கட்டுரைகள் கனமாகத் தெரிந்தால் 1997-இல் வந்த 'வென் மெமரி டைஸ்' நாவலிலிருந்து தொடங்குங்கள். ஓர் இலங்கைக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. முதல் நாவலை அவர் வெளியிட்டபோது வயது 73.