வெள்ளைச் சட்டை நாற்பத்தைந்து

மதுரை, திருநெல்வேலிப் பக்கத்து ஹோட்டல்களில் பில்லைக் காதால் கேட்ட காலம் ஒன்று உண்டு. சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுக் கல்லாவை நெருங்குவதற்குள் பின்னாலிருந்து சர்வரின் குரல் வந்துவிடும்: “வெள்ளச் சட்ட நாப்பத்தஞ்சு! கண்ணாடி போட்ட அண்ணாச்சி முப்பத்திரண்டு!” கையில் சீட்டு கிடையாது, காதில் பேனா கிடையாது. இருபது பேர் தின்ற கணக்கும் அந்த ஒரு தலைக்குள் இருந்தது.

கணக்கு மட்டுமா? இந்த மேஜைக்கு ரவா தோசை முறுகலாக, அடுத்ததற்கு வெங்காயம் போடாமல். குழந்தைக்கு இட்லியோடு சட்டினிக்குப் பதில் சர்க்கரை, பெரியவருக்குச் சர்க்கரையே இல்லாத காபி. அத்தனையையும் நடந்தபடியே அடுக்களைப் பக்கம் குரலாக வீசிவிட்டு, திரும்பி வரும்போது கையில் சாம்பார் வாளியோடு வருவார். நாம் நிமிர்ந்து தேடும் முன்பே பக்கத்தில் நிற்பார். பள்ளிக்கூடம் சொல்லித் தராத இந்த வித்தை தனக்குக் கைவந்திருக்கிறது என்கிற மிடுக்கு அவர் நடையிலேயே தெரியும். 1964-இல் ‘சர்வர் சுந்தரம்’ படம் வந்தபோது நாகேஷைத் தமிழ்நாடே கொண்டாடியது. படத்தில் கண்ட அந்தச் சர்வரை நம் ஊர் ஹோட்டலில் தினமும் பார்த்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்று ஆர்டர் எடுக்க ஒருவர் கருவியோடு வருகிறார். தட்டை வேறொருவர் கொண்டுவந்து, “ரோஸ்ட் யாருக்கு?” என்று பொதுவாகக் கேட்கிறார். துடைக்க இன்னொருவர். பில்லைக் கம்ப்யூட்டர் போடுகிறது. இட்லி தீர்ந்தபிறகு சாம்பார் வருகிறது. பொங்கல் இருக்கிறதா என்றால், உள்ளே போய்ப் பார்க்காமலேயே “இல்ல” என்று பதில் வருகிறது. தண்ணீர் டம்ளருக்குள் விரல். பணம் கொடுத்துச் சாப்பிடுகிறவருக்கு இது வலிக்கத்தான் செய்யும். “இப்ப எவனுக்கு சார் வேலையில அக்கறை இருக்கு?” என்று கல்லாவிலிருந்து முதலாளி அலுத்துக்கொள்கிறார்.

முதலாளி சொல்லும் குறை உண்மை. அவர் சொல்லும் காரணத்தைத்தான் நான் ஏற்கவில்லை.

பழைய சர்வர் வானத்திலிருந்து குதிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் மேஜை துடைக்க வந்து, தண்ணீர் வைத்து, மூத்தவர் பின்னாலேயே பல வருடம் அலைந்துதான் வாளியைக் கையில் வாங்கினார். அந்த ஏணியின் முதல் படி ஒரு குழந்தையின் பறிபோன பள்ளிக்கூடம். 2006 அக்டோபர் 10 முதல் ஹோட்டல்களில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்க மத்திய அரசு தடை விதித்தது. எவ்வளவோ முன்பே வந்திருக்க வேண்டிய தடை அது. ‘பிராமணாள்’ என்ற பலகையை அகற்றச் சொல்லித் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 1957-இல் பெரியார் போராட வேண்டியிருந்தது என்பதும் இதே ஹோட்டல்களின் கதைதான். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று என்னால் சொல்ல முடியாது.

ஆனால் படியை எடுத்தவர்கள் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. பழைய சர்வரின் பிள்ளை படித்து வேறு வேலைக்குப் போய்விட்டான், போகட்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஏஜென்ட் மூலம் வரும் பையனுக்கு, வந்த மறுநாளே சீருடையை மாட்டிவிடுகிறார்கள். ரவா ரோஸ்ட்டுக்கும் சாதா ரோஸ்ட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று சொல்லித்தர ஆளில்லை. நாள் முழுக்க நின்ற கால், மாடியில் பத்துப் பேரோடு படுக்கை. ஆயிரம் ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த மாதம் வேறு ஊர். இதில் எதைச் சொல்லி அவன் பெருமைப்பட?

திருச்சியில் ஒரு ஹோட்டலில் பார்த்தேன். தினமும் வருகிறவர் போலிருந்த ஒரு முதியவர் உட்கார்ந்ததும் அசாம் பையன் ஒருவன் ஓடிவந்தான். “அய்யா, சக்கரை இல்லாம, டபரா ரெண்டு” என்று அவனே சொல்லிக்கொண்டு திரும்பினான். இரண்டாவது டபரா எதற்கென்றால், அவருக்குச் சூடு நன்றாக ஆற வேண்டும். யாரும் சொல்லித் தராமல் அவனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது அது. அவன் காபியோடு வருவதற்குள் “பார்சல் பாரு, பார்சல் பாரு” என்று கல்லாவிலிருந்து சத்தம். வாசலில் ஸ்விக்கி பனியன் போட்ட நாலைந்து பேர் செல்போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். காபியை இன்னொரு பையன் கொண்டுவந்து வைத்தான். டபரா ஒன்றுதான் இருந்தது.

அந்தப் பையனுக்கு நான்கு மேஜையை முழுதாக ஒப்படைத்து, ஆர்டரிலிருந்து பில்வரை அவன் பொறுப்பு என்று விடலாம். முதல் மாதம் ஒரு மூத்த சர்வரோடு சம்பளம் கொடுத்துப் பழக விடலாம். கூட்டமில்லாத நேரத்தில் உட்கார ஒரு ஸ்டூல் போடலாம். ஏ.சி.க்கும் கண்ணாடிச் சுவருக்கும் லட்சக்கணக்கில் செலவழிக்கும் முதலாளிகளுக்கு இது கட்டுப்படியாகாத காரியமே இல்லை.