ஒரே பெயர், மூன்று வண்டி: மாருதி விக்டோரிஸ் உங்கள் குடும்பத்துக்கு செட் ஆகுமா?

‘மைலேஜ் எவ்ளோ தரும்?’ என்பதுதான் நம் ஊரில் கார் வாங்கும்போது எழும் முதல் கேள்வி. ‘சேஃப்டி ரேட்டிங் எத்தனை ஸ்டார்?’ என்பது சமீப ஆண்டுகளில் அதனுடன் சேர்ந்துகொண்ட இரண்டாவது கேள்வி. இந்த இரண்டுக்கும் நல்ல பதிலோடு 2025 செப்டம்பரில் மாருதி சுசூகி களமிறக்கிய எஸ்யூவிதான் விக்டோரிஸ். ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், மாருதியின் சொந்தத் தயாரிப்பான கிராண்ட் விட்டாரா ஆகியவை மோதும் அதே களம்.

அறிமுக விலை, எக்ஸ்-ஷோரூம் கணக்கில் ரூ.10.50 லட்சம் முதல் ரூ.19.99 லட்சம் வரை. ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். காரணம், விக்டோரிஸ் என்ற ஒரே பெயரில் சாதாரண பெட்ரோல், சிஎன்ஜி, ஸ்ட்ராங் ஹைபிரிட் என மூன்று தனித்தனி குணம் கொண்ட வண்டிகள் விற்கப்படுகின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்து பெட்ரோல் செலவு மட்டுமல்ல, டிக்கியின் அளவும்கூட மாறிவிடும். எனவே, ‘விக்டோரிஸ் நல்ல காரா?’ என்று கேட்பதைவிட, ‘எந்த விக்டோரிஸ் நமக்கு?’ என்று கேட்பதே சரி.

பாதுகாப்பு: இதில் குறை சொல்ல முடியாது

மாருதி கார் என்றாலே ‘தகரம் மெல்லிசு’ என்று கிண்டலடித்த காலம் ஒன்று இருந்தது. விக்டோரிஸ் அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்திருக்கிறது. பாரத் என்சிஏபி மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 32-க்கு 31.66 புள்ளிகள், குழந்தைகள் பாதுகாப்புக்கு 49-க்கு 43 புள்ளிகள் எடுத்து 5 ஸ்டார் பெற்றது. குளோபல் என்சிஏபி சோதனையிலும் 5 ஸ்டார்தான். அடிப்படை வேரியன்ட்டிலிருந்தே 6 ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி ஆகியவை உண்டு.

ஆனால், அந்த 43 புள்ளிகளுக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. சோதனையில் 18 மாதம், 3 வயது குழந்தைகளின் அளவிலான பொம்மைகளைக் குழந்தைகளுக்கான தனி இருக்கையில் பொருத்திய பிறகுதான் வண்டியை மோத விடுகிறார்கள். அம்மாவின் மடியில் வைத்து அல்ல. கார் 5 ஸ்டார் வாங்கியிருந்தாலும், குழந்தையை மடியில் வைத்து முன்சீட்டில் பயணித்தால் அந்த ஸ்டார் எதுவும் குழந்தைக்குப் பொருந்தாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், சன்ரூஃபுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு சிறு பகுதியைக் குழந்தை இருக்கைக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம். அதை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பின்சீட்டில் இருக்கின்றன.

விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படும் லெவல் 2 அடாஸ் வசதி, மாருதி கார்களில் முதல்முறையாக விக்டோரிஸில் வந்திருக்கிறது. முன்னால் போகும் வண்டியை உணர்ந்து தானே பிரேக் போடுவது, லேன் மாறினால் எச்சரிப்பது போன்றவை இதில் அடக்கம். ஆனால், இது விலை உயர்ந்த மேல்மட்ட வேரியன்ட்டில், அதுவும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்குத்தான். மேனுவல் வாங்குபவர்களுக்குக் கிடையாது.

சாதாரண பெட்ரோல்: அமைதியானது, அவசரம் தெரியாதது

1.5 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். 103 பிஎஸ் சக்தி. 5 கியர் மேனுவல் அல்லது 6 கியர் ஆட்டோமேட்டிக். நிறுவனம் சொல்லும் மைலேஜ் மேனுவலில் லிட்டருக்கு 21.18 கி.மீ., ஆட்டோமேட்டிக்கில் 21.06 கி.மீ.

சிட்டிக்குள் ஓட்ட இது மென்மையான இன்ஜின். சத்தம், அதிர்வு குறைவு. ஆனால், ஐந்து பேர், நிறைய லக்கேஜ், ஏசி எல்லாம் சேர்ந்து ஏற்காடு, கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது இதன் குறை தெரியும். கியரைக் குறைத்து இன்ஜினை உறும விட்டால்தான் வேகம் பிடிக்கும். ஹைவேயில் லாரியை ஓவர்டேக் செய்யவும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இதே களத்தில் இருக்கும் கிரெட்டாவில் 160 பிஎஸ் டர்போ பெட்ரோல், 116 பிஎஸ் டீசல் என இரண்டு வலுவான ஆப்ஷன்கள் உண்டு. விக்டோரிஸில் டர்போவும் இல்லை, டீசலும் இல்லை. மாதத்துக்கு நான்கு முறை நீண்ட தூரம் போகிறவர்களுக்கு இது சின்னக் குறை அல்ல.

சிஎன்ஜி: டிக்கியைத் திருப்பிக் கொடுத்த கார்

சிஎன்ஜி கார் வைத்திருக்கும் குடும்பங்களின் பொதுவான புலம்பல், ‘டிக்கியே போச்சு’ என்பதுதான். சிலிண்டரை டிக்கிக்குள் வைத்துவிட்டால் பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டுதான் ஊருக்குப் போக வேண்டும். விக்டோரிஸில் சிலிண்டரை வண்டிக்கு அடியில் பொருத்தியிருக்கிறார்கள். மாருதியில் இதுதான் முதல்முறை. இதனால் டிக்கி முழுசாகக் கிடைக்கிறது. ஷோரூமில் பார்க்கும்போது ஸ்டெப்னி டயர் எங்கே, எப்படி எடுப்பது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மைலேஜ் கிலோவுக்கு 27.02 கி.மீ. என்கிறது நிறுவனம். அதே வேரியன்ட்டின் பெட்ரோல் மேனுவலைவிட விலை ரூ.1 லட்சம் அதிகம். தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதம் என்பதால், அந்த வித்தியாசம் ரூ.1.18 லட்சம் ஆகும்.

பெட்ரோல் லிட்டர் ரூ.100, சிஎன்ஜி கிலோ ரூ.90 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால், நிறுவனம் சொல்லும் மைலேஜ் கணக்குப்படி மிச்சமாவது சுமார் ரூ.20,800. கூடுதலாகப் போட்ட பணத்தை எடுக்க ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகும். 25,000 கி.மீ. ஓட்டினால் சுமார் மூன்றரை ஆண்டில் எடுத்துவிடலாம். தினமும் நீண்ட தூரம் ஓடுபவர்களுக்கு இது லாபம். வாரக் கடைசியில் மட்டும் வண்டியை எடுப்பவர்களுக்கு அல்ல.

குறைகளும் உண்டு. சிஎன்ஜியில் ஓடும்போது இன்ஜினின் சக்தி சுமார் 88 பிஎஸ் ஆகக் குறைகிறது. ஆட்டோமேட்டிக் கியர் கிடையாது. சிலிண்டரை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் செய்ய வேண்டும். நீங்கள் தினமும் போகும் வழியில் சிஎன்ஜி பங்க் இருக்கிறதா, அங்கே எவ்வளவு நேரம் வரிசையில் நிற்க வேண்டும் என்பதை வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

ஹைபிரிட்: 28.65 கி.மீ. யாருக்குக் கிடைக்கும்?

விளம்பரங்களில் அதிகம் தெரியும் எண் இதுதான். ஸ்ட்ராங் ஹைபிரிட் விக்டோரிஸ் லிட்டருக்கு 28.65 கி.மீ. தரும் என்கிறது நிறுவனம். 3 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து 116 பிஎஸ் சக்தி தருகின்றன. பிளக்கில் மாட்டி சார்ஜ் செய்யத் தேவையில்லை. பிரேக் போடும்போது வீணாகும் சக்தியே பேட்டரிக்குப் போகிறது. குறைந்த வேகத்தில் பெரும்பாலும் மோட்டாரிலேயே நகரும்.

ஆகவே, நின்று நின்று போகும் டிராஃபிக்கில்தான் ஹைபிரிட்டின் அருமை தெரியும். ஹைவேயில் ஒரே வேகத்தில் போகும்போது இன்ஜினே அதிகம் உழைப்பதால், சாதாரண பெட்ரோலுக்கும் இதற்குமான இடைவெளி சுருங்கிவிடும்.

விலை? அறிமுக விலைப் பட்டியலில் விஎக்ஸ்ஐ பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ரூ.13.36 லட்சம். விஎக்ஸ்ஐ ஹைபிரிட் ரூ.16.38 லட்சம். வித்தியாசம் ரூ.3.02 லட்சம். 18 சதவீதச் சாலை வரியையும் சேர்த்தால் ரூ.3.5 லட்சத்தைத் தாண்டும். இதை எத்தனை ஆண்டில் எடுக்க முடியும்?

• ஆண்டுக்கு 15,000 கி.மீ., நிறுவனம் சொல்லும் மைலேஜ் இரண்டுக்கும் அப்படியே கிடைத்தால்: ஆண்டுக்கு மிச்சம் சுமார் ரூ.18,800. முழுப் பணத்தையும் எடுக்க 18 ஆண்டுக்கு மேல். காரின் பதிவுக் காலமே 15 ஆண்டுதான்!

• அதே 15,000 கி.மீ., முழுக்க நெரிசலான சிட்டி ஓட்டம். ஆட்டோமேட்டிக் 12 கி.மீ., ஹைபிரிட் 22 கி.மீ. தருவதாக வைத்துக்கொண்டால்: ஆண்டுக்கு மிச்சம் சுமார் ரூ.56,800. ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

கடனில் வாங்குபவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். கூடுதலாக வாங்கும் ரூ.3.5 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாத இஎம்ஐ சுமார் ரூ.7,265 ஏறும். சிட்டி ஓட்டத்தில் மாதம் மிச்சமாவதோ சுமார் ரூ.4,700. அதாவது, கடன் முடியும்வரை ஒவ்வொரு மாதமும் கையிலிருந்துதான் போடுகிறீர்கள்.

இன்னொரு விஷயம், டிக்கி. ஹைபிரிட் பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருப்பதால் சாமான் வைக்கும் இடம் கணிசமாகக் குறைகிறது. குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது பெரிய பெட்டிகளை நிமிர்த்தி வைப்பது சிரமம். சிஎன்ஜியில் திரும்பக் கிடைத்த டிக்கி, அதைவிட விலை அதிகமான ஹைபிரிட்டில் பறிபோகிறது.

பின்சீட்டும் வரியும்

4,360 மி.மீ. நீளமும், 2,600 மி.மீ. வீல்பேஸும் இருப்பதால் பின்சீட்டில் கால் வைக்கத் தாராளமான இடம். ஆனால், பனோரமிக் சன்ரூஃப் உள்ள வேரியன்ட்களில் உயரமானவர்களுக்குத் தலைக்கு மேல் இடம் கொஞ்சம் இடிக்கும். இது ஐந்து பேருக்கான கார்; மூன்றாவது வரிசை இல்லை. தாத்தா, பாட்டி, இரண்டு குழந்தைகள் என ஆறு பேர் கிளம்பும் வீடு என்றால், எவ்வளவு வசதி இருந்தாலும் விக்டோரிஸ் போதாது.

பட்ஜெட்டை இழுத்துப் பிடித்து வாங்குபவர்கள் ஜிஎஸ்டியையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு உட்பட்ட 1,200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அதைவிட நீளமான விக்டோரிஸுக்கு 40 சதவீதம். நான்கு பேர் குடும்பம், பெரும்பாலும் சிட்டி ஓட்டம் என்றால், 4 மீட்டருக்கு உட்பட்ட சின்ன எஸ்யூவியையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் தவறில்லை.

அப்போ, யாருக்கு எது?

• மாதம் 1,000 கி.மீ.க்குள் ஓட்டம், எப்போதாவது ஊர்ப் பயணம்: பெட்ரோல் போதும். விலைக்கும் வசதிக்கும் நடுவில் நிற்பவை விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ வேரியன்ட்கள்.

• மாதம் 2,000 கி.மீ.க்கு மேல், வழியில் சிஎன்ஜி பங்க், மேனுவல் ஓட்டத் தயங்காதவர்கள்: சிஎன்ஜி.

• தினமும் மணிக்கணக்கில் சிட்டி டிராஃபிக், ஆட்டோமேட்டிக் கட்டாயம், காரை ஏழெட்டு ஆண்டு வைத்திருக்கும் எண்ணம்: ஹைபிரிட்.

• அடிக்கடி மலைப்பாதை, முழு லோடு, வேகமான ஹைவே ஓட்டம்: டர்போ அல்லது டீசல் தரும் போட்டி கார்களைப் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றி, ஏசியைப் போட்டு, ஒரு மேம்பாலமாவது ஏறிப் பாருங்கள். ஊருக்குக் கொண்டுபோகும் பெரிய பெட்டியையும், குழந்தையின் தள்ளுவண்டியையும் எடுத்துப்போய், நீங்கள் வாங்கப்போகும் அதே வேரியன்ட்டின் டிக்கியில் வைத்துப் பாருங்கள். ஷோரூமில் நிற்பது பெட்ரோல் வண்டியாகவும், நீங்கள் புக் செய்வது ஹைபிரிட்டாகவும் இருந்தால், பார்த்த டிக்கி வேறு, வீட்டுக்கு வரும் டிக்கி வேறு.