கண்ணாடி சோப்பு ஏன் சீக்கிரம் கரைகிறது?

குப்பைமேனி, ஆவாரம்பூ, நலங்கு மாவு என்று பெயர் போட்டு வீடுகளிலும் மகளிர் குழுக்களிலும் தயாராகும் சோப்புகளில் பல ‘மெல்ட் அண்ட் போர்’ முறையில் செய்யப்படுபவை. கட்டியாகக் கிடைக்கும் சோப் பேஸை வாங்கி, நறுக்கி உருக்கி, மூலிகைப் பொடியும் வாசனையும் கலந்து அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் சோப்பு தயார். காஸ்டிக் சோடாவைக் கையால் தொட வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் வாங்கியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் குறை ஒன்று உண்டு: நன்றாகத்தான் இருக்கிறது, சீக்கிரம் கரைந்துவிடுகிறது.

காரணம் பேஸுக்குள்ளேயே இருக்கிறது. சாதாரண சோப்பு இறுகும்போது நார் நாராகப் படிகமாகிறது. அந்தப் படிகங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் கட்டி உறுதியாகிறது. ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மையாகத் தெரிகிறது. சோப் பேஸில் கிளிசரின், சார்பிட்டால், புரோப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றைத் தாராளமாகச் சேர்க்கிறார்கள். படிகங்கள் பெரிதாக வளர இவை விடுவதில்லை. அதனால்தான் கட்டி கண்ணாடி போல இருக்கிறது, எளிதில் உருகுகிறது. உறுதி குறைவதும் அதனால்தான்.

1807-ல் லண்டனில் ஆண்ட்ரூ பியர்ஸ் ஒளி ஊடுருவும் சோப்பைக் கொண்டுவந்தபோது இதே வேலைக்குக் கரைப்பானாகப் பயன்பட்டது ஆல்கஹால். ஊற்றிய கட்டிகளை வாரக்கணக்கில் உலர வைப்பார்கள். ஆல்கஹால் ஆவியாகிப் போகப் போக, கட்டி சுருங்கி இறுகும். கிளிசரின் அப்படிப் போகாது. அதன் கொதிநிலை 290 டிகிரி செல்சியஸ். எனவே ‘ஆறு வாரம் வைத்தால் இறுகும்’ என்று, எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் நேரடியாகக் கலந்து செய்யும் கோல்ட் பிராசஸ் சோப்புக்குச் சொல்லும் யோசனை இதற்குப் பெரிதாக உதவாது. மாறாக, கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில், கடலோர ஊர்களில், திறந்து வைத்த கட்டியின் மேல் முத்து முத்தாக நீர் பூப்பது இதனால்தான். அச்சிலிருந்து எடுத்து நன்றாக ஆறியதும் காற்றுப் புகாமல் உறையிட்டுவிட வேண்டும்.

உறுதி வேண்டுமென்றால் முதல் வேலை பேஸைப் பார்த்து வாங்குவது. உட்பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள் முதலில் வரும். சோடியம் ஸ்டியரேட், சோடியம் பாமேட் போன்றவை முன்னால் நின்றால் நல்லது. தண்ணீரும் கிளிசரினும் முன்னால் நின்றால் அது மென்மையான பேஸ். ஸ்டியரிக் அமிலம் 18 கார்பன் கொண்ட நீண்ட சங்கிலி, சுமார் 69 டிகிரியில் உருகும். தேங்காய் எண்ணெயில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன்தான், 44 டிகிரியில் உருகிவிடும். ஸ்டியரேட் தண்ணீரில் மெதுவாகக் கரைகிறது. லாரேட் வேகமாகக் கரைந்து நுரையை அள்ளித் தருகிறது. இரண்டும் அளவோடு வேண்டும்.

பேஸில் தனியாக ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பவர்களும் உண்டு. 1825-ல் பிரான்ஸில் வேதியியலாளர்கள் செவ்ரேலும் கே-லுசாக்கும் மெழுகுவர்த்திக்காகக் காப்புரிமை வாங்கியது இந்தப் பொருளுக்குத்தான். ஒரு கிலோ பேஸுக்கு 10 முதல் 20 கிராம் போதும். அதைத் தனியாக உருக்கி, பேஸும் சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும். இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் படியும். அளவு கூடினால் நுரை குறையும், கண்ணாடித் தன்மையும் மங்கும்.

என் பார்வையில், எதைச் சேர்ப்பது என்பதைவிட எதைச் சேர்க்காமல் இருப்பது என்பதே முக்கியம். கற்றாழைச் சோறு, குப்பைமேனிச் சாறு, பால் ஆகியவற்றைப் பச்சையாக ஊற்றுவது தண்ணீரை ஊற்றுவதற்குச் சமம். கட்டி தளர்கிறது, பூஞ்சையும் பிடிக்கிறது. நன்றாக உலர்ந்த பொடியைக் கொஞ்சமாகப் போடலாம். எண்ணெயும் தவிர்க்க வேண்டியதுதான். பேஸ் ஏற்கெனவே முழுமையாகச் சோப்பானது. கூடுதலாக ஊற்றும் எண்ணெயைச் சோப்பாக்க அதில் காரம் மிச்சமில்லை. எண்ணெய் எண்ணெயாகவே தங்கி, கட்டியை இளக்கி, நுரையையும் அடக்கிவிடும். தண்ணீரை வற்ற வைத்தால் இறுகும் என்று கொதிக்கவிடுவதும் தவறு. பேஸ் பாகு போல இழுபட்டு, அச்சில் ஊற்ற வராது. பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, மெல்லிய சூட்டில், உருகியதும் இறக்கிவிடுவதே சரி.

வடிவத்தையும் கவனிக்க வேண்டும். சோப்பு கரைவது அதன் மேற்பரப்பில். 100 கிராம் பேஸைச் சதுரமாக 1 செ.மீ. கனத்தில் ஊற்றினால் மேற்பரப்பு சுமார் 230 சதுர செ.மீ.; 3 செ.மீ. கனத்தில் ஊற்றினால் சுமார் 130 தான். பூப்பூவாக மெல்லிய அச்சுகள் பார்க்க அழகு, ஆனால் அவை சீக்கிரம் தேயும்.

இத்தனையும் செய்த பிறகும், குளியலறையில் தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைத்தால் பலனில்லை. தேங்கிய நீர் சோப்புக்குள் ஊறுகிறது. அடிப்பக்கம் உப்பி, கொழகொழவென்று ஆகிறது. அடுத்த முறை எடுக்கும்போது அந்த அடுக்கு நுரையாகாமலேயே சாக்கடைக்குப் போகிறது. அடியில் ஓட்டையுள்ள தட்டும், ஷவருக்கு எட்டாத இடமும் போதும். இரண்டு கட்டிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் காய நேரம் கிடைக்கும். சோப்பு செய்து விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூலிகையின் பெருமையை அச்சிடும் உறையிலேயே, ‘தண்ணீர் வடியும் தட்டில் வையுங்கள்’ என்ற வரியையும் சேர்த்து அச்சிடுங்கள்.