"பார்டர்லதான் இருக்காம்!"

ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, "சுகர் இல்லையாம், பார்டர்லதான் இருக்காம்" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அந்த நிம்மதியைக் கேட்டால் எனக்குப் பயம்தான் வருகிறது.

காரணம், சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வு. குளுக்கோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கையில் சர்க்கரை 140-க்கும் 199-க்கும் இடையில், அதாவது பார்டரில், இருந்த 531 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில், மூன்றே ஆண்டுகளில், நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களில் அது 39. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே பலன்தான். மாத்திரை, மாற்றம் இரண்டையும் சேர்த்தபோதும் அதற்கு மேல் கிடைக்கவில்லை.

39 பேருக்கு வரத்தானே செய்தது என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தப்பித்த அந்தப் பதினாறு பேரில் நம் அப்பாவோ அக்காவோ இருக்கலாமே!

அவர்கள் செய்தது என்ன? தினமும் அரை மணி நேரம் வேகநடை. சர்க்கரையைத் தவிர்த்து, மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டினார்கள். என்னை வியக்க வைத்தது வேறொன்று: அவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. ஆனாலும் நோய் குறைந்தது. உழைக்கும் தசை, ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். எடைக் கருவியில் அது தெரியாது. "ஒரு கிலோகூட இறங்கல" என்று மூன்றாம் வாரமே செருப்பைக் கழற்றிவிடுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தட்டுக்கு வருவோம். நமக்குச் சோறு குவியல், பொரியல் தொட்டுக்கொள்ள. இந்த அளவைத் திருப்பிப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. கேழ்வரகு நல்லது என்று சொம்பு நிறையக் கஞ்சி குடிப்பதிலும் பயனில்லை. அதிலும் மாவுச்சத்துதான், கூழாகக் கரைத்தால் சர்க்கரை விறுவிறுவென ஏறும்.

தொடர்ந்து செய்வதுதான் கஷ்டம். அதற்கும் ராமச்சந்திரன் குழு ஒரு வழி தேடியது. செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பி ஞாபகப்படுத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு 36 சதவீதம் குறைந்ததாக 2013-ல் வெளியிட்டார்கள். அதில் பங்கேற்ற 537 பேரும் ஆண்கள்.

பார்டரில் இருக்கும் அம்மாவுக்கு யார் ஞாபகப்படுத்துவது? ஞாபகம் இருந்தாலும், சாயங்காலம் அடுப்படியை விட்டு அவர் எப்படி வெளியே வருவார்? இன்று ராத்திரி தோசையை வேறு யாராவது ஊற்றுங்கள். அவர் அரை மணி நேரம் நடந்துவிட்டு வரட்டும்.