தொழுகையில் கைகளை உயர்த்துதல்: ஆதாரங்களும் நாம் பேண வேண்டிய நேர்மையும்

 



தொழுகையின் ஆரம்பத் தக்பீரின்போது கைகளை உயர்த்த வேண்டும் என்பதில் நான்கு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. ருகூஉவுக்குச் செல்லும்போதும், அதிலிருந்து எழும்போதும் உயர்த்த வேண்டுமா என்பதிலேயே கருத்து வேறுபாடு உள்ளது. இமாம் ஷாபிஈ (ரஹ்), இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோர் உயர்த்துவது ஸுன்னா என்றனர். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் ஆரம்பத் தக்பீரில் மாத்திரம் உயர்த்தினால் போதும் என்றார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைத் தொட்டும் இரு விதமாகவும் அறிவிக்கப்படுகிறது.

நம் நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபினர். மேமன் சமூகத்தவர் போன்ற ஹனபி மத்ஹபினரும் நம்முடன் ஒரே ஸப்பில் நின்று தொழுகின்றனர். எனவே இரு சாராரின் ஆதாரங்களையும் அறிந்து கொள்வது நமக்கு அவசியமாகும்.

உயர்த்த வேண்டும் என்பதற்கான முதன்மை ஆதாரம் இப்னு உமர் (ரழி) அவர்களின் ஹதீஸாகும். நபி (ஸல்) அவர்கள் தொழுகையை ஆரம்பிக்கும்போதும், ருகூஉவுக்குத் தக்பீர் கூறும்போதும், ருகூஉவிலிருந்து தலையை உயர்த்தும்போதும் தமது கைகளைத் தோள்புயம் வரை உயர்த்துவார்கள் என்றும், ஸுஜூதில் அவ்வாறு செய்ய மாட்டார்கள் என்றும் அவர் அறிவிக்கிறார் (புகாரி 735). இமாம் மாலிக், இமாம் ஸுஹ்ரீயிடமிருந்தும், அவர் ஸாலிமிடமிருந்தும், ஸாலிம் தமது தந்தை இப்னு உமரிடமிருந்தும் இதனை அறிவிக்கின்றனர். இந்த வரிசையின் உறுதியை ஹதீஸ் கலை அறிஞர்கள் அனைவரும் ஏற்றுக் கொள்கின்றனர்.

இளைஞர்கள் மனங்கொள்ள வேண்டிய மற்றோர் அறிவிப்பும் உண்டு. மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரழி) அவர்கள் தம் வயதொத்த வாலிபர்களுடன் மதீனாவுக்கு வந்து இருபது இரவுகள் தங்கினார்கள். அவர்கள் தம் குடும்பத்தாரைக் காண ஏங்குவதை உணர்ந்த நபியவர்கள் ஊருக்குத் திரும்பிச் செல்லுமாறு கூறி, தம்மை எவ்வாறு தொழக் கண்டார்களோ அவ்வாறே தொழுமாறும் பணித்தார்கள் (புகாரி 631). அந்த மாலிக் (ரழி) அவர்கள் இம்மூன்று இடங்களிலும் கைகளை உயர்த்தித் தொழுது, நபியவர்களும் இவ்வாறே செய்தார்கள் எனக் கூறியதை அபூகிலாபா (ரஹ்) அறிவிக்கிறார் (புகாரி 737).

இனி, உயர்த்தத் தேவையில்லை என்போரின் ஆதாரங்களைப் பார்ப்போம். இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் நபியவர்களின் தொழுகையைத் தொழுது காட்டியபோது ஆரம்பத்தில் ஒரு தடவை மாத்திரமே கைகளை உயர்த்தினார்கள் என்பது அவற்றுள் வலுவானது (அபூதாவூத் 748, திர்மிதி 257). இமாம் திர்மிதி இதனை ஹஸன் என்றார். இப்னு ஹஸ்ம் ஸஹீஹ் என்றார். இப்னுல் முபாரக், அபூஹாதிம் போன்றோர் இது உறுதியானதல்ல என்றனர். ஆக, இந்த ஹதீஸின் தரத்தில் பெரும் அறிஞர்களே வேறுபட்டுள்ளனர்.

பராஉ இப்னு ஆஸிப் (ரழி) வழியாக வரும் அறிவிப்பில் நபியவர்கள் முதற்தடவைக்குப் பின் மீண்டும் உயர்த்தவில்லை என்ற வாசகம் காணப்படுகிறது (அபூதாவூத் 749). இதன் அறிவிப்பாளர் யஸீத் இப்னு அபீஸியாத் ஆவார். முன்னர் இந்த வாசகமின்றியே அறிவித்த இவர், பின்னர் கூபாவிலேயே அதனைச் சேர்த்து அறிவித்தார் என ஸுப்யான் இப்னு உயைனா (ரஹ்) எடுத்துக் காட்டுகிறார். ஒருவர் முன்பு சொன்னதையும் பின்பு சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் அளவுக்கு நம் முன்னோர் கவனமாக இருந்தனர்.

அடங்காத குதிரைகளின் வால்களைப் போன்று கைகளை உயர்த்துவதை நபியவர்கள் கண்டித்த ஹதீஸையும் சிலர் முன்வைப்பர் (முஸ்லிம் 430). அது ஸலாம் கொடுக்கும்போது கைகளால் சைகை செய்தது பற்றியதாகும் என்பதை அடுத்து வரும் அறிவிப்பு தெளிவுபடுத்துகிறது (முஸ்லிம் 431). இமாம் புகாரியும் இதற்கெனத் தாம் எழுதிய தனி நூலில் இதனை விளக்கியுள்ளார்கள்.

அன்பானவர்களே! தரத்தில் கருத்து வேறுபாடுள்ள ஹதீஸ் வேறு. நபியவர்களின் பெயரால் புனையப்பட்ட பொய் வேறு. தொழுகையில் கைகளை உயர்த்தியவருக்குத் தொழுகையே இல்லை எனக் கூறும் செய்தியை இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) இட்டுக்கட்டப்பட்டவற்றுள் சேர்த்துள்ளார்கள். அக்காலத்தில் சிலர் கக்கத்தில் சிலைகளை மறைத்து வைத்துத் தொழுததால் கைகளை உயர்த்துமாறு கட்டளையிடப்பட்டது என்ற கதை இன்றும் நம்மிடையே உலவுகிறது. அதற்கு எந்த ஹதீஸ் நூலிலும் ஆதாரம் கிடையாது.

மறுபுறத்தையும் மறைக்கலாகாது. நபியவர்கள் மரணிக்கும் வரை இவ்வாறே கைகளை உயர்த்தித் தொழுதார்கள் என்ற மேலதிக வாசகம் பைஹகீ வழியாக எடுத்துக் கூறப்படுகிறது. அதன் வரிசையில் இஸ்மா இப்னு முஹம்மத் அல்அன்ஸாரி இடம்பெறுகிறார். இவரைப் பொய்யர் என யஹ்யா இப்னு மஈன் (ரஹ்) குறிப்பிட்டுள்ளார்கள். ஸஹீஹான ஹதீஸ்கள் கைவசம் இருக்கையில் இத்தகைய அறிவிப்பின் துணை நமக்கு எதற்கு? நமக்குச் சாதகமாக வரும் செய்தியையும் அதே தராசில் நிறுத்துப் பார்ப்பதே நேர்மையாகும். நபியவர்கள் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்பவர் நரகில் தமது இருப்பிடத்தை ஏற்படுத்திக் கொள்ளட்டும் என்ற எச்சரிக்கை இரு சாராருக்கும் பொதுவானது.

ஆகவே, மூன்று இடங்களிலும் கைகளை உயர்த்துவது உறுதியான ஆதாரங்களால் நிறுவப்பட்ட ஸுன்னாவாகும். எனினும் ருகூஉவில் உயர்த்தாதவரின் தொழுகை செல்லாது என நான்கு இமாம்களில் எவரும் தீர்ப்பளிக்கவில்லை. இளைஞர்களே! உங்கள் பக்கத்தில் நிற்கும் பெரியவர் கைகளை உயர்த்தவில்லை என்பதற்காக அவரை ஹதீஸை மறுப்பவர் என ஏசாதீர்கள். அவர் பின்பற்றுவது ஒரு பெரும் ஸஹாபியின் அறிவிப்பை ஏற்ற இமாமை. பெற்றோர்களே! பிள்ளை ஆதாரம் கேட்டால் அதட்டி வாயடைக்காதீர்கள். செவிவழிக் கதைகளையும் கூறாதீர்கள். கிதாபைத் திறந்து அவர்களுடன் அமர்ந்து படியுங்கள். தெரியாததை ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

தோள்புயம் வரை உயரும் கைகள் ஒரு சகோதரரின் மானத்தைத் தாக்க உயரலாகாது. உண்மையை உண்மையாகக் கண்டு பின்பற்றும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.