உலகத்தைப் பிடிக்க ஆசையா? ஆசியா பக்கம் போகாதீங்க!

பகடை உருட்டி உலகத்தையே வளைத்துப் போடும் ஆட்டம் "ரிஸ்க்". 1957-ல் பிரான்சில் வெளிவந்தது. உருவாக்கியவர் ஆல்பர்ட் லாமோரிஸ். "சிவப்பு பலூன்" படம் எடுத்த அதே டைரக்டர்தான்!

பலகையில் 6 கண்டம், 42 பகுதி. ஆசியா முழுதும் கைக்கு வந்தால் சுற்றுக்கு 7 படை கூடுதல். ஆனால் 12 பகுதியைக் கட்டிக் காக்கணும். நாலா பக்கமும் அடி விழும். ஆஸ்திரேலியாவுக்கு 2 படைதான். ஆனால் உள்ளே நுழைய ஒரே வாசல்! கெட்டிக்காரர்கள் அங்கேதான் கடை விரிப்பார்கள்.

அடிப்பவர் கை ஓங்கும்

தாக்குபவருக்கு 3 பகடை, தடுப்பவருக்கு 2. எண் சமமானால் தடுப்பவருக்கே ஜெயம். அப்படியும், பகடை விழும் 7,776 விதத்தில் 2,890-ல் தாக்குபவர் இரண்டு படையைச் சாய்ப்பார். அவர் இரண்டை இழப்பது 2,275-ல்தான்.

போக்கரில் எப்படி?

போக்கரில் சீட்டு மறைந்திருக்கும். ஒன்றுமில்லாத கையை வைத்துக்கொண்டே, பந்தயத்தை ஏற்றி எதிராளியை விரட்டலாம். சீட்டு மோசமா? கவிழ்த்துவிட்டு சும்மா இருக்கலாம்.

ரிஸ்க்கில் அது நடக்காது. படை எல்லாம் பகிரங்கம். ஒதுங்கி இருந்தாலும் பக்கத்துக்காரர் விடமாட்டார். ஒருவரை ஒழித்துக் கட்டினால் அவர் கைச் சீட்டும் ஒழித்தவருக்கே! அதனால் இளைத்தவர் மேல்தான் எல்லார் கண்ணும்.

கொழுத்தவருக்கும் நிம்மதி இல்லை. போக்கரில் பணம் குவித்தவர் மற்றவர்களை மிரட்டுவார். இங்கே மற்றவர்கள் ஒன்று சேர்ந்து அவரை மொத்துவார்கள்.

போக்கரில் கூட்டுச் சேர்ந்தால் மோசடி. ரிஸ்க்கில் அதுதான் ராஜதந்திரம்!