அகராதியில் செத்த சொல், பதிவேட்டில் சாகாத சொல்

ஒரு சொல் செத்துப்போனது என்று யார் முடிவு செய்கிறார்கள்? ஆக்ஸ்போர்டு பேரகராதியில் வழக்கொழிந்த சொல்லுக்கு முன்னால் குத்துவாள் மாதிரி ஒரு சின்னக் குறி இருக்கும். அந்தக் குறி விழுந்துவிட்டால் சொல்லின் கதை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் லண்டனில் செத்த சொல் செங்கல்பட்டிலும் செத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

யூலும் பர்னெலும் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதி இப்படிப்பட்ட சொற்களின் பெரிய இடுகாடு. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அதனால் நம்ம ஊர்ச் சொற்களுக்கு அதில் குறைவில்லை. கணக்கப்பிள்ளை அங்கே 'கனிகோபொலி' ஆகியிருக்கிறார். தோப்பு 'டோப்', பணம் 'ஃபனம்'. திண்ணைக்குப் 'பியால்' என்று பெயர். அது போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். சந்தை 'ஷாண்டி' ஆயிற்று. இன்றைக்கு இங்கிலாந்தில் ஷாண்டி என்றால் பியரில் எலுமிச்சைப் பானம் கலந்து குடிப்பது. நம்ம ஊர் ஆங்கிலச் செய்தித்தாளிலோ இன்னும் மாட்டுச் சந்தைதான்.

இதையெல்லாம் வேடிக்கையாகப் படித்துவிட்டு மூடிவைக்கலாம். ஆனால் இந்த அகராதிகள் வேடிக்கைக்காகப் பிறந்தவை அல்ல. கம்பெனி ஆட்சி பற்றிப் பாராளுமன்றக் குழு 1812-ல் கொடுத்த 'ஐந்தாம் அறிக்கை'க்கு சார்லஸ் வில்கின்ஸ் சொற்பட்டியல் தயாரித்தார். 1855-ல் வில்சனின் வருவாய், நீதித்துறைச் சொல்லகராதி வந்தது. வரி வசூலிக்கப் போகிறவனுக்கு நிலத்தின் பெயர் தெரிய வேண்டும். பெயரைப் பிடித்தால்தான் நிலத்தைப் பிடிக்கலாம். 1763-ல் ஆற்காட்டு நவாபு கம்பெனிக்குக் கொடுத்த செங்கல்பட்டுச் சீமைக்கு ஆங்கிலப் பதிவுகளில் 'ஜாகீர்' என்றே பெயர். அந்தப் பெயர் போய்விட்டது. அதன் ஆவணமொழி போகவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் மண்ணூர், வல்லம், ஒரகடம் என்று போகிறவர் கண்ணில் இன்று படுவது கம்பெனிகளின் மதில்சுவர். அந்தச் சுவருக்குள் போன நிலம் ஒவ்வொன்றும் முதலில் ஒரு சொல்லாகத் தாலுகா ஆபீசைக் கடந்துதான் போயிருக்கிறது. பட்டா என்றால் நட்டஈடு பேசலாம். புறம்போக்கு என்றால் அங்கே மாடு மேய்த்தவன் பேச்சு எடுபடாது. புறம்போக்கு என்பதன் மூல அர்த்தம் தீர்வைக் கணக்குக்கு வெளியே நிற்பது என்பதுதான்: ஏரி, வாய்க்கால், மேய்க்கால், சுடுகாடு. ஊருக்கே பொதுவானது. வரி தராத நிலம் உதவாத நிலம் என்ற பார்வை ஏறியபிறகு அந்தச் சொல்லே வசவாகிவிட்டது. 'பொறம்போக்கு' என்று ஒருத்தனைத் திட்டும்போது நாம் வருவாய்த்துறையின் வாயால்தான் திட்டுகிறோம்.

இதைவிட முக்கியமானது இரண்டே எழுத்தில் இருக்கிறது: டி.சி. நிலம். 'டிப்ரெஸ்டு கிளாஸ்' என்பதன் சுருக்கம். 1935-ன் இந்திய அரசுச் சட்டம் 'பட்டியல் சாதிகள்' என்ற பெயரைக் கொண்டுவந்த பிறகு அந்த ஆங்கிலத் தொடர் மெல்ல வழக்கொழிந்தது. இழிவு தொனிக்கும் பெயர், போனதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-ல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், அதைத் தொடர்ந்த 1892 அரசாணையும் வழிவிட்ட பஞ்சமி நிலங்கள் பதிவேட்டில் நிற்பது இந்தச் செத்த பெயரில்தான். பத்து வருஷம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம் என்ற நிபந்தனை அந்த இரண்டெழுத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றவர் பெயருக்கு மாறிய நிலத்தை மீட்கக் கேட்பவருக்கு அதுதான் பிடிமானம். காரணை நிலத்துக்காக 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள்.

1980களில் நிலவுடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல ஊர்களில் அந்த நிபந்தனைக் குறிப்பு விடுபட்டுப்போனது என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. புதுப் பதிவேட்டில் சொல் இல்லை என்றால் உரிமையும் இருந்ததில்லை என்றாகிவிடும். அகராதிக்காரர் செத்த சொல்லையும் குத்துவாள் குறி போட்டாவது வைத்திருக்கிறார். ஆபீஸ் அதைக்கூடச் செய்வதில்லை. ஆகவே நம்மில் யாராவது பழஞ்சொல் தேடுவதானால் நூலகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். ஊர் அ-பதிவேட்டையும், அதற்கு முந்திய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்டு மனுப் போடலாம். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போன சொல் எது என்று குறித்துவைப்பதுதான் இன்றைக்கு நாம் செய்யவேண்டிய அகராதி வேலை.